பேச்சிலர் லைன்

“கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான் இங்க வீடு கொடுத்தாங்க” என்று ஜெபஷீலா கையிலிருந்த சின்ன மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். சுவருக்குக் கல் எங்கிருந்து வந்தது, ஓடு எங்கிருந்து வந்தது என்று பேச்சு ஓடியது. கூட்டமும் அவள் பின்னாலேயே நகர்ந்தது. ஆவுடையம்மாளுக்கு மட்டும் கால் நகரவில்லை. செருப்பைத் துளைத்து முள் ஏறும்போது முதலில் வலி தெரியாது, என்னமோ நெருடுகிறது என்றுதான் இருக்கும். அப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான். அப்படியென்றால் பேச்சிலர் லைன் எங்கே? அவளைப் பெற்ற அய்யா ஆயுசில் பாதியைக் கழித்த பேச்சிலர் லைன்? ஒரே அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு கயிற்றுக் கட்டில், எல்லோருக்கும் ஒரே குழாய், பொம்பளை வாடையே ஆகாது, மில்காரன் சட்டம் அப்படி, மீறினால் வேலை போய்விடும். அம்மா கேட்கும்போதெல்லாம் அய்யா இதைத்தான் சொல்வார். குரல் ஏறாது, இறங்காது. லைன் என்றால் மில் வீடுகளின் வரிசை என்று சின்ன வயதில் ஆவுடைக்குத் தெரியாது, ரயில் போகிற லைன்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆறு ஆண்கள் வரிசையாகப் படுத்திருப்பதாகவும், அதில் ஓரத்தில் கிடப்பவர் அய்யா என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தை இத்தனை வருஷமாக பத்திரமாக வைத்திருந்தாள்; அறுபதைத் தாண்டியும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின்னும், வைத்திருந்தாள். கூட்டத்தை எட்டிப் பிடித்துக் கேட்டாள். “பேச்சிலர் லைன்னு ஒண்ணு இருந்ததா சொல்வாங்களே?” ஜெபஷீலா கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆட்களைக் கூட்டிவந்து பழைய மில் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறாள். திரும்பிச் சிரித்தாள். “இல்ல மேடம், அப்படி ஒண்ணு இந்த மில்லுல இருந்ததே இல்ல. சம்சாரத்த நேர்ல கூட்டிட்டு வந்து ஆபீஸ்ல காட்டணும். அப்பதான் சாவி. தனியாளா இருந்தா ஊருக்குள்ள ரூம் பாத்துக்க வேண்டியதுதான். ஏன் மேடம், உங்க சொந்தக்காரங்க யாரும் இங்க இருந்தாங்களா?” “இல்ல” என்றாள் ஆவுடை. “சும்மா, எங்கேயோ கேள்விப்பட்டது.”

சம்சாரத்தை நேரில் கூட்டிவந்து காட்டணும். வெயில் இன்னும் ஏறவில்லை, மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் கழுத்தில் வேர்த்தது. ஒரே ஒரு தடவை கூட்டிப்போனார் என்று அம்மா சொல்வாளே. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், வந்தவள் போனவள் எல்லோரிடமும். என்னையும் மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, நான் பாத்திருக்கேன், ஆபீசு வாசல்ல நிக்க வச்சாரு, கண்ணாடி போட்ட ஒருத்தரு என்னையும் பிள்ளையையும் ஏற இறங்கப் பாத்தாரு, பேரு கேட்டாரு, நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அப்புறம் கிளப்புக் கடையில பூரி வாங்கிக் குடுத்தாரு. சாயங்கால வண்டியில திரும்பிட்டோம். கல்யாணப் பட்டுப்புடவையை நேற்றுக் கட்டிப் பார்த்த மாதிரி சொல்வாள். இடுப்பில் இருந்த பிள்ளை ஆவுடைதான். அவளுக்கு நினைவிருப்பதாக அவள் நினைப்பது மில் சங்கு ஊதியதும், காற்றில் பஞ்சு பறந்ததும், அய்யாவின் கை தன் முதுகில் இருந்ததும். நினைவா, அம்மா சொல்லிச் சொல்லி ஏறியதா தெரியாது. ஆனால் அந்தக் கை. அன்றைக்கு அய்யா அம்மாவையும் இடுப்பிலிருந்த அவளையும் சேர்த்து ஆபீஸ் வாசலில் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறார். சந்தையில் மாட்டின் முதுகில் தட்டி முன்னால் விடுவது போல. சாவி கைக்கு வந்ததும் பூரி. பூரி தின்றதும் வண்டி. அம்மா பார்க்கப் போகவில்லை, அம்மாவைக் காட்டுவதற்காகக் கூட்டிப்போயிருக்கிறார். பக்கத்தில் தொப்பி போட்ட பையன் ஒருவன் தன் மனைவியை நீல நிறக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆ, அங்கதான், என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போ அம்மா சொன்னதுதான் சரி. வீடு வாங்கியிருக்கிறார், வீடு எதற்கு? ஒருத்தியை வைக்கத்தான். அம்மா இதைச் சொல்லாத நாள் உண்டா? ஆட்டுரலில் கை சுற்றும்போது சொல்வாள், தலை சீவிவிடும்போது சீப்பை மண்டையில் அழுத்திச் சொல்வாள். அங்க ஒருத்தி இருக்கா, இல்லாட்டா இந்த மனுசன் இப்பிடிப் பேசாம இருப்பாரா, வந்த அன்னைக்கே பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேப்பாரா. அய்யா மாதம் ஒரு முறை கோவில்பட்டிக்கு வருவார். பணம் தவறியதில்லை, துணிமணி தவறியதில்லை, குடித்ததில்லை, அடித்ததில்லை. முற்றத்தில் முக்காலியைப் போட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா பேசுவாள், தம்பி தோளில் ஏறுவான், எல்லாவற்றையும் பல் பிடுங்க வந்தவர் போலப் பொறுத்துக்கொள்வார். மறுநாள் பஸ்ஸுக்குப் போகும்போது ஆவுடை தெருமுனை வரை பின்னாலேயே போவாள். முனை திரும்புகிற இடத்தில் அவருடைய தோள் இரண்டும் மெல்ல இறங்கும். சட்டைக்குள்ளிருந்து ஹேங்கரை உருவியது போல. யாரையோ பார்க்கப் போகிற தோள் என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்று காலை கிளம்பும்போது போனில் அம்மா சொன்னாள். எண்பது தாண்டிவிட்டது, காது அடைத்துவிட்டது, தம்பி வீட்டில் ஒரு கட்டிலோடு இருக்கிறாள். “ஏட்டி, அங்க போறேல்ல. பழைய ஆளுக யாரும் இருந்தா விசாரி. சண்ட போட இல்ல. அவ இருந்தாளா இல்லையா, அத மட்டும் கேட்டுட்டு வா.” சரிம்மா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினவளுக்கு, வந்து இறங்கியதிலிருந்து எந்த ஆண் எதிரே வந்தாலும் கண் காதுக்குத்தான் போகிறது. அய்யாவின் காது மடல் நீளம், தம்பிக்கும் அப்படி, அவளுக்கும் அப்படி. சைக்கிளில் போன ஒருவருக்கு நீளமாக இருந்தது போல் தோன்றித் திரும்பி நின்று பார்த்தாள். டீக்கடைக்காரருக்கு இல்லை. ஏதாவது ஒரு கதவு திறந்து தன்னுடைய முகத்தோடு ஒருத்தி வெளியே வந்து, யாரு வேணும் என்று கேட்டுவிட்டால்? என்ன சொல்வது? அக்கா என்றா, தங்கச்சி என்றா?

மாதிரிக்காக ஒரு வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். மில் மூடி எத்தனையோ வருஷமாகிறது, பாதி வீடுகள் காலி, மீதியில் போக்கிடம் இல்லாத பழைய தொழிலாளிகள். உள்ளே முன்னறை, அடுத்து ஓர் அறை, அப்புறம் அடுப்படி. புகை போகச் சுவரில் உயரே வைத்த கூண்டு. ஒரு மூலையில் தரையோடு பதித்த அம்மி. “எல்லா வீட்டுலயும் அம்மி கட்டும்போதே பதிச்சிருக்காங்க பாருங்க, அப்பவே பெண்களுடைய வசதிய யோசிச்சிருக்காங்க” என்றாள் ஜெபஷீலா. யாரோ, கியூட்டா இருக்குல்ல என்றார்கள். ஆவுடை குனிந்து அம்மியைத் தொட்டாள். குளிர்ச்சி விரல் வழியாக முழங்கை வரை ஏறியது. அய்யா வீட்டிலும் இதே அம்மி, தரையோடு தரையாக. யார் அரைத்தது? அந்தக் கையில் வளையல் இருந்திருக்கும், கண்ணாடி வளையல், அரைக்கும்போது முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொள்வாள். அய்யா இந்த மாதிரி ஒரு கதவு நிலையில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டா? அய்யா பேசுகிற மாதிரி நினைத்துப் பார்த்தாள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. சிரித்திருப்பாரோ. தங்களுக்குக் கிடைக்காத சிரிப்பையெல்லாம் இந்தப் புகைக்கூண்டுக்குக் கீழே வைத்திருந்தாரோ. ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறவளைப் போல, அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எட்டிப் பார்க்கத்தான் தோன்றியது. கூட்டம் பின்வாசல் வழியாகக் குழாயடிக்குப் போனது. அவள் முன்வாசல் வழியாக வெளியே வந்து மூன்றாம் லைன் பக்கம் திரும்பினாள். மூன்றாம் லைன், கிழக்கே கடைசிக்கு முந்தின வீடு. பேச்சிலர் லைன் என்று நம்பி அய்யாவுக்குக் கடிதம் எழுதிய விலாசம் அவளுக்கு இன்னும் மனப்பாடம்.

கடைசி வீட்டு வாசலில் ஒரு வயசாளிப் பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. “போட்டோ புடிக்க வந்தியளா? உள்ள ஒண்ணுமில்ல, வௌவாலுதான்” என்றாள் நிமிராமலேயே. ஆவுடை என்ன கேட்பது என்று தெரியாமல், “இந்த வீட்டுல முன்னால ஃபிட்டர் ஒருத்தர் இருந்தாங்களா?” என்றாள். முறம் நின்றது. “யாரு, லிங்கம் அண்ணாச்சியா? பரமார்த்தலிங்கம்? இருந்தாவளே. நீங்க?” என்று நிமிர்ந்தவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு காதைப் பார்த்தாள். “அவுக மவளா?” ஆவுடை தலையாட்டினாள். “இருங்க தாயி, இப்படி உக்காருங்க. நான் தெரசம்மா. எங்க வீட்டுக்காரரும் அண்ணாச்சியும் ஒரே ஷிப்டு. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அண்ணாச்சி இங்கன இருக்காவ.” தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவுடை குடித்தாள். தண்ணீர் இறங்குகிற வழியெல்லாம் தெரிந்தது. இப்போது கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எழுந்து போய்விட வேண்டும். “எங்கய்யாகூட இங்க யாரு இருந்தா?” என்று கேட்டாள். தன் குரல் எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலாக, யாருக்கோ லைன் கொடுக்கிற குரலாக இருந்தது.

“கூடவா? யாருமில்லையே” என்றாள் தெரசம்மா.

“சும்மா சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். எங்கம்மாவுக்கும் தெரியும்.”

தெரசம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. “எங்க மாதா மேல சத்தியமா சொல்லுதேன் தாயி. ஒரு ஈ காக்கா வந்ததில்ல. தப்பா நெனைக்காதிய. ஷிப்டு விட்டு வருவாவ, குளிப்பாவ, கஞ்சி வச்சிக் குடிப்பாவ, கதவச் சாத்திக்கிடுவாவ. அவ்வளவுதான். சீட்டு கிடையாது, ரேடியா கூட கிடையாது. நானே ஒரு தடவ வெளக்கெண்ண கேக்கப் போயி கதவு இடுக்கு வழியா பாத்தேன். தரையில நீட்டி நிமிந்து படுத்து ஓட்டப் பாத்துக்கிட்டு இருந்தாவ. ஒறங்கல. சந்தோசமா இருந்தாவ, அதுதான் எனக்கு அதிசயம். அண்ணாச்சி, இவ்வளவு பெரிய வீட்ட வச்சிக்கிட்டு வீட்டுக்காரியயும் பிள்ளயளயும் கூப்புட்டு வச்சிக்கிடக் கூடாதான்னு நானே கேட்டிருக்கேன். ‘பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு மூச்சு முட்டும் தாயி’ன்னாவ. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாவ. நல்ல மனுசன். யாரு வம்புக்கும் போகமாட்டாவ.”

யாருமில்லை. ஆவுடை அதைச் சொல்லிப் பார்த்தாள். யாருமில்லை என்றால் நல்லதுதானே, அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய சேதிதானே. எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. வௌவால் வாடை, ஓடு நழுவிய இடத்திலிருந்து தரையில் விழுந்த வெயில். முன்னறை, அடுத்த அறை, அடுப்படி. அம்மி இருந்தது. குழவி ஓடிய தடம் ஏறவே இல்லை, கொத்தி வைத்த புள்ளிகள் அப்படியே இருந்தன. கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று சாத்திய பிறகுதான் கேட்டுக்கொண்டாள். வெளியே மைக் சத்தம், பிள்ளைகள் சத்தம் எல்லாம் ஒரே வீச்சில் அறுந்தன. ஒருத்தி இருந்திருந்தால், அவள் அழகாக இருந்தாள், கெட்டிக்காரியாக இருந்தாள், மருந்து வைத்தாள், ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும். அய்யாவைப் பிடுங்கிக்கொண்டாள் என்று இருந்திருக்கும். யாரும் பிடுங்கவில்லை. ஒரு பக்கம் அம்மா, ஆவுடை, தம்பி, மூன்று பேர் சிரிப்பு, சோறு, காய்ச்சல், எண்ணெய்க் குளியல் எல்லாம். இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அய்யா அந்த ஒன்றுமே இல்லாததை எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் ரொம்ப நாள் இருக்கவில்லை. கடைசியில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது, கதவச் சாத்திட்டு வெளிய போங்க என்றார். அவளப் பத்திச் சொல்ல வெக்கப்படுறாரு என்று அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஆவுடை தரையில் உட்கார்ந்தாள். கால் நீட்டினாள். கல்தரையின் குளிர் புடவை வழியாக ஏறியது, மூச்சு தானாக நீண்டது, தோள் இரண்டும் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. பயந்து எழுந்தாள். திருநெல்வேலியில் அவளுக்கு மூன்றாவது மாடியில் ஃபிளாட். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்கு ஆயிரம் காரணம் சொன்னாள், எதுவும் பொய்யில்லை என்றுதான் நினைத்திருந்தாள். உன்கூட வந்து இருக்கட்டுமாட்டி என்று அம்மா கேட்கும்போதெல்லாம், மூணு மாடி ஏறணும்மா, லிஃப்ட் கிடையாது, உன் முட்டிக்கு ஆகாது என்பாள். லிஃப்ட் இருக்கிறது. மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

போன் அடித்தது. தம்பி வீட்டு நம்பர். உள்ளே சரியாகக் கேட்கவில்லை, கதவைத் திறந்து வாசலுக்கு வந்தாள். தம்பி மனைவி காந்திமதி, “அண்ணி, காலையிலருந்து அத்தை ஒரே பிடிவாதம், இந்தா பேசுதாக” என்று கொடுத்தாள். பிறகு அம்மாவின் மூச்சு, எப்போதும் போல் போனை வாய்க்கு ஒட்டப் பிடித்துக்கொண்டு. “ஏட்டி, கேட்டியா? இருந்தாளா?”

இல்லம்மா, யாருமே இல்ல. நாக்கு நுனியில் நின்றது. மூணு வார்த்தை. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், கால் தொங்கும், தரை எட்டாது. யாருமே இல்லையா, பின்ன ஏன்டி எங்கள வேண்டாம்னாரு என்று கேட்பாள். எண்பது வயதுக்கு மேல் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் என்ன செய்வாள்.

“இருந்தாம்மா” என்றாள்.

“ஆங்? கேக்கல. சத்தமாச் சொல்லு.”

“இருந்தாம்மா! ஒருத்தி இருந்தா!” லைன் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. குழாயடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டம் நின்று பார்த்தது. தெரசம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான் சொன்னேன்ல” என்றாள் அம்மா. குரலில் வெற்றி இல்லை, ஒரு சுமையை இறக்கிவைத்த மூச்சுதான் இருந்தது. “நான் அப்பமே சொன்னேன்ல. எப்பிடி இருப்பாளாம்?”

“கறுப்பா இருப்பாளாம். ஒன்ன மாதிரிதான். ரொம்பப் பேசுவாளாம்.”

“ரொம்பப் பேசுவாளா? அய்யோ, பாவமே.” “அவகிட்டயும் அந்த மனுசன் வாயத் தொறந்திருக்க மாட்டாரு. செவுத்துக்கிட்ட பேசுத மாதிரிதான் அவளும் பேசிக்கிட்டுக் கெடந்திருப்பா. பிள்ளைக உண்டா?”

“இல்லம்மா.”

“பிள்ளையும் இல்லாமயா. ஏட்டி, இன்னும் இருக்காளா? இருந்தா கையோட கூட்டிட்டு வா. நெசமாத்தான் சொல்லுதேன். ரெண்டு நாளு எங்கூட இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் பேச ஆளில்ல. அவரப் பத்திப் பேச எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?”

ஆவுடை தெரசம்மாவைப் பார்த்தாள். தெரசம்மா வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கோபமா, என்ன என்று தெரியவில்லை. அம்மா இப்படிக் கூப்பிடுவாள் என்று ஆவுடை யோசித்திருக்கவில்லை. அம்மா திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அப்புறம் நிம்மதியாகத் தூங்குவாள் என்றுதான் நினைத்தாள். இப்போது எங்கே போய்க் கூட்டிவருவது? வேறு வழி இல்லை.

“அவ இல்லம்மா!” என்று கத்தினாள். “போயிட்டா! போன வருசமே செத்துப் போயிட்டாளாம்!”

“அம்மா? அம்மா?” என்றாள். போன் கட்டிலில் விழுந்திருக்க வேண்டும், துணி உரசும் சத்தம், கட்டில் முனகும் சத்தம். பிறகு தூரத்தில், அம்மா மருமகளிடம் சொல்வது கேட்டது.

“எம்மா காந்திமதி, ஒரு பான வெந்நி போடு. தலைக்கு ஊத்தணும்.”

“இந்நேரத்துலயா? காலையிலதான குளிச்சிய அத்த. எதுக்கு?”

“நம்ம வீட்டுல ஒரு சாவு” என்றாள் அம்மா.